விதி யார் கையில, பாஸ்?

தெருவுல கிரிக்கெட் ஆடுன எல்லாருக்கும் ஒரு சட்டம் தெரியும். பேட் யாரோடதோ, அவன் வெச்சதுதான் ரூல். 'எதிர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள போனா அவுட்'னு காலையில சொன்னவன், சாயங்காலம் அவனே அப்படி அடிச்சதும் 'அது டபுள்ஸ்டா'ம்பான். எதிர்த்துப் பேசினா பேட்டைத் தூக்கி அக்குள்ல வெச்சுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவான். ஆட்டம் க்ளோஸ்!

இப்ப நான் சொல்லப்போற விளையாட்டுல பேட் கிடையாது, பந்து கிடையாது, போர்டுகூடக் கட்டாயம் கிடையாது. விதிகளும் பகடையும் மட்டும்தான் சொத்து. அதனால அந்த விதி யார் கையில இருக்குங்கிறது, தெரு கிரிக்கெட்டைவிட இங்கே இன்னும் பெரிய மேட்டர்.

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம்னு பேரு. 2016-ல் நெட்ஃபிளிக்ஸ்ல ஆரம்பிச்ச 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்திருந்தா, முதல் எபிசோட்லயே நாலு பசங்க ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து கத்திக்கிட்டு இருப்பாங்களே... அதேதான். அவங்க ஆடுறது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. செல்லமா டி அண்ட் டி. ஒருத்தர் கதைசொல்லி. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தன் வாள்வீரன், இன்னொருத்தன் கேடுகெட்ட திருடன். 'முன்னால ஒரு பாலம், நடுவுல உடைஞ்சு கிடக்கு, என்ன பண்றீங்க?'ன்னு கதைசொல்லி கேட்பார். நீங்க என்ன செய்யறீங்கன்னு சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா இருபது முகம் உள்ள பகடையை உருட்டணும். அவ்வளவுதான் ஆட்டம். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தா விடிஞ்சுதான் எழுந்திருப்பீங்க, அது தனிக் கதை.

சரி, பாலம் உடைஞ்சிருக்கு. இடைவெளி பதினைஞ்சு அடி. உங்க வாள்வீரன் 'நான் தாண்டிக் குதிக்கிறேன்'னு சொல்றான். முடியுமா?

இதுக்கு விதி இருக்கு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, கொஞ்ச தூரம் ஓடி வந்து குதிச்சா, உங்க பாத்திரத்தோட பலம் எத்தனை புள்ளியோ அத்தனை அடி தாண்டலாம். நின்ன இடத்துலேர்ந்து குதிச்சா அதுல பாதி. உங்க வீரனுக்கு பலம் பதினாலு. ஒரே ஒரு அடி உதைக்குது! இப்பதான் மேஜையில சண்டை ஆரம்பம். 'ஒரு அடிதானே, பகடை உருட்ட விடுங்க'ங்கிறான் ஒருத்தன். 'விதின்னா விதிதான்'ங்கிறா இன்னொருத்தி. 'மொதல்ல அந்த விதியைக் காட்டு'ங்கிறான் மூணாவது ஆளு.

எங்கே காட்டுவீங்க? புத்தகத்துலயா, போன்லயா?

இந்த ஆட்டத்தை ஆடுறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு ரொம்ப வருஷமா இதுக்காக மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. 'புதுப் புத்தகத்தோட வாசனை இருக்கே...'ன்னு ஒரு கோஷ்டி கண்ணை மூடும். 'வாசனை வேணும்னா ஊதுவத்தி ஏத்து, எனக்கு ஸெர்ச் வேணும்'னு இன்னொரு கோஷ்டி கலாய்க்கும். ரெண்டுமே மேலோட்டமான வாதம்னுதான் எனக்குத் தோணுது. வாசனை ரெண்டு மாசத்துல போயிடும். ஸெர்ச்? அந்தக் கூத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பி.டி.எஃப்.ல 'ஜம்ப்'னு தட்டுங்க. 'ஜம்ப்'ங்கிற பேர்லயே ஒரு மந்திரம் இருக்கு, அங்கே போய் நிக்கும். அடுத்து தட்டினா துள்ளிக் குதிக்க வைக்கிற ஒரு மந்திர பூட்ஸ். இன்னும் தட்டினா தவளை எவ்வளவு தூரம் தாண்டும்னு சொல்லும். நீங்க தேடுற சாதாரண மனுஷக் குதி, பயணம் பத்தின அத்தியாயத்துல, நடை, ஏற்றம், நீச்சலோட சேர்ந்து அமைதியா உட்கார்ந்திருக்கு. என்ன வார்த்தை தேடணும்னு சரியா தெரிஞ்சவனுக்கு ஸெர்ச் ஒரு வரம். தெரியாதவனுக்கு அது கோயம்பேட்டுல பஸ் தேடுற கதை.

'அப்போ புத்தகத்துல இண்டெக்ஸ் இருக்கே'ன்னு ஓடாதீங்க. அதே 2014 புத்தகத்தோட இண்டெக்ஸ் எழுத்து அவ்வளவு பொடி. ஒரு வார்த்தையைத் தேடினா பக்க எண் தராம 'இன்னொரு வார்த்தையைப் பார்க்கவும்'னு அனுப்பி வைக்கும். அரசு ஆபீஸ்ல கவுன்ட்டர் கவுன்ட்டரா அனுப்புவாங்களே, அந்த ஃபீலிங்.

ஆனா, நாலு தடவை புரட்டின புத்தகத்துல இண்டெக்ஸே தேவைப்படாது. பரீட்சை ஹால்ல உங்களுக்கே நடந்திருக்கும். 'அந்த டயக்ராம் நோட்ல இடது பக்கம் கீழே இருந்துச்சு, பக்கத்துல டீ கறை'ன்னு படம் மாதிரி வரும். பதில் வராது, அது வேற! காகிதத்துல கண்ணும் கையும் இடத்தை ஞாபகம் வெச்சுக்குது. ஸ்க்ரோல் பண்ற திரையில எல்லாமே ஒரே இடம்தான். இது தெரிஞ்ச டிசைனர்கள் புத்தகத்தையே அப்படிக் கட்டுறாங்க. 2019-ல் வந்த 'ஓல்டு ஸ்கூல் எஸென்ஷியல்ஸ்' புத்தகத்தைப் பாருங்க. ஒரு விஷயம் எடுத்தா எதிரெதிரா இருக்கிற ரெண்டு பக்கத்துக்குள்ள முடியுற மாதிரி அடுக்கியிருப்பாங்க. விரிச்சு வெச்சா போதும், புரட்ட வேண்டாம். அதையே போன்ல திறந்தா அந்த அழகு மொத்தமும் காலி. பாதிப் புத்தகங்கள் ரெண்டு பத்தி வைத்த பெரிய பக்கம் வேற. இடது பத்தியைப் படிச்சுக்கிட்டே கீழே வந்து, மறுபடி மேலே இழுத்து, வலது பத்திக்குப் போய்... கட்டைவிரல் வீங்கிடும்.

மேஜையில இன்னொண்ணும் நடக்கும். புத்தகத்தை நடுவுல விரிச்சு வெச்சா அஞ்சு தலையும் குனியும். அஞ்சு பேரும் ஒரே வரியைப் படிப்பாங்க. விதியில விரல் வெச்சு 'இந்தா'ன்னு காட்டலாம். போன்ல? ஒருத்தன் 2014 விதியைப் படிப்பான். இன்னொருத்தன் 2024 விதியைப் படிப்பான். மூணாவது ஆள் யாரோ எங்கேயோ எழுதின சொந்தக் கருத்தை விதின்னு நினைச்சு சத்தமா வாசிப்பான். நாலாவது ஆள் இன்ஸ்டாவுல இருப்பான். அவங்கவங்க போனை அடுத்தவங்க கையில குடுக்கவும் யோசிப்பாங்க. எந்த மெசேஜ் எந்த நேரத்துல மேல வந்து குதிக்கும்னு யாருக்குத் தெரியும்?

இதோட முடிச்சுக்கிட்டா 'புத்தகம் வாழ்க'ன்னு கோஷம் போட்டுட்டு நான் கிளம்பிடலாம். ஆனா, கதை அப்படி ஒருபக்கமா இல்லை. கொஞ்சம் பின்னாடி போவோம்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ரெண்டு பேரும் உருவாக்கின டி அண்ட் டி, 1974-ல் அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துல இருக்கிற லேக் ஜெனிவா ஊர்லேர்ந்து வெளிவந்துச்சு. கம்பெனி பேரு டி.எஸ்.ஆர். முதல்ல போட்டது 1000 பெட்டி. பெட்டிக்குள்ள மூணு சின்னப் புத்தகம், மூணையும் சேர்த்தாலும் 112 பக்கம்தான். விலை 10 டாலர். அன்னிக்கு காலேஜ் பசங்களுக்கு அது பெரிய காசு. என்ன பண்ணியிருப்பாங்க? நீங்க நினைக்கிறது கரெக்ட். ஜெராக்ஸ்! ஒரு பெட்டி ஒரு கேம்பஸுக்குள்ள போனா, நகலுக்கு நகல் எடுத்து, எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு ஊரெல்லாம் பரவுச்சு. இந்த விளையாட்டு வளர்ந்ததுல ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த மூணு புத்தகமும் வாசிச்சா முழுசாப் புரியாது. சண்டை எப்படிப் போடணும்னு கேட்டா, நீங்க ஏற்கெனவே இன்னொரு போர் விளையாட்டு வெச்சிருப்பீங்கன்னு நினைச்சு எழுதியிருந்தாங்க. அதனால ஒவ்வொரு கேம்பஸும் ஓட்டைகளைத் தன் இஷ்டத்துக்கு அடைச்சுக்கிச்சு. கால்டெக் மாணவர்கள் 1975-லயே 'வார்லாக்'னு தங்களோட விதிகளைத் தனியா அச்சுல போட்டுட்டாங்க. ஒரு ஊர்ல ஆடினவன் இன்னொரு ஊருக்குப் போனா அங்கே வேற ஆட்டம் நடக்கும். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் கைகாக்ஸ் 1977-லேர்ந்து 1979-க்குள்ள மூணு கெட்டி அட்டைப் புத்தகம் போட்டார். எல்லா ஊர்லயும் ஒரே விதி இருக்கணும்னு ஆசை. ஆக, விதிப் புத்தகம் அலமாரியில அழகுக்கு வைக்கப் பிறந்ததில்லை. பஞ்சாயத்தைத் தீர்க்கப் பிறந்தது.

காகிதம் தப்பே பண்ணாதா? நல்லா பண்ணும். 1985-ல் வந்த 'அனர்த்ட் அர்கேனா' புத்தகம் பைண்டிங் விட்டுப் பக்கம் பக்கமா உதிர்றதுக்கே பேர் போனது. அதைவிட எனக்குப் பிடிச்ச காமெடி 1989-ல் நடந்தது. ரெண்டாம் பதிப்போட பூதங்களை எல்லாம் புத்தகமா கட்டாம, ஓட்டை போட்ட தனித்தனித் தாளா குடுத்து, கூடவே ஒரு ஃபைலையும் குடுத்தாங்க. ஐடியா என்னன்னா, அப்புறம் புதுப் பூதம் வரும்போது, புதுத் தாளை அகர வரிசையில நடுவுல சொருகிக்கலாம். இன்னிக்கு ஆன்லைன்ல அப்டேட் பண்றோமே, அதைக் காகிதத்துலயே பண்ணப் பார்த்திருக்காங்க! ஆனா தாளோட ரெண்டு பக்கமும் வேற வேற பூதத்தை அச்சடிச்சுட்டாங்க. முன்பக்கப் பூதத்துக்கும் பின்பக்கப் பூதத்துக்கும் நடுவுல வரவேண்டிய புதுப் பூதத்தை எங்கே சொருகுறது? பத்தாததுக்கு, ஓட்டை கிழிஞ்சு தாள் தனியா வரும். 1993-ல் கம்பெனியே மறுபடி கெட்டி பைண்டிங் புத்தகத்துக்குத் திரும்பிடுச்சு.

இன்னும் இருக்கு. 1980-ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகத்தோட முதல் அச்சுல 144 பக்கம். உள்ள இருந்த ரெண்டு கற்பனைத் தெய்வக் கூட்டங்களோட உரிமை இன்னொரு கம்பெனிகிட்ட இருந்துச்சு. அதனால பின்னாடி வந்த அச்சுல அதைத் தூக்கிட்டாங்க, 128 பக்கம் ஆயிடுச்சு. ஆக, காகிதத்துலயும் வெட்டு நடக்கும். ஆனா ஒண்ணைக் கவனிங்க. முதல் அச்சை வாங்கினவன் வீட்டுக்கு யாரும் கத்திரிக்கோலோட போகலை. அவன் வாங்கின 144 பக்கமும் அவன்கிட்டயே இருந்துச்சு.

இந்த வரியைக் கையில பிடிச்சுக்கிட்டே டிஜிட்டல் பக்கம் வாங்க.

2009 ஏப்ரல். டி அண்ட் டி-யை அப்போ நடத்துன 'விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' கம்பெனி, தன்னோட பி.டி.எஃப் எல்லாத்தையும் ஆன்லைன் கடைகள்லேர்ந்து ஒரே நாள்ல தூக்கிடுச்சு. காரணம் திருட்டுப் பிரதி. எட்டு பேர் மேல கேஸ் வேற. கடைக்கணக்குல வாங்கி வெச்சு, 'அப்புறம் டவுன்லோட் பண்ணிக்கலாம்'னு விட்டவங்க நிலைமை? மறுபடி இறக்குற வசதியும் போச்சு. காசு குடுத்தவன் கையில ஒண்ணும் இல்லை, திருட்டுப் பிரதி வெச்சிருந்தவன் ஜாலியா ஆடிக்கிட்டு இருந்தான். பழைய புத்தகங்கள் பி.டி.எஃப்.பா மறுபடி விற்பனைக்கு வர 2013 ஆச்சு.

இதுல யார் தப்பிச்சாங்க? ஃபைலைத் தன் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இறக்கி வெச்சிருந்தவங்க. அவங்ககிட்டேர்ந்து யாராலயும் பிடுங்க முடியலை. ஆக, டிஜிட்டல்னு ஒரே பேர்ல கூப்பிடுறது உண்மையில ரெண்டு வேற வேற சாமான். ஒண்ணு ஃபைல். உங்க பென்டிரைவ்ல இருக்கு, நெட் இல்லாட்டியும் திறக்கும், வேணும்னா அச்சடிக்கலாம். இன்னொண்ணு அக்கவுன்ட். லாக்-இன் பண்ணாத்தான் தெரியும், சர்வர் இருக்கிற வரைக்கும்தான் உயிர், கதவோட சாவி அவங்ககிட்ட. காகிதமா டிஜிட்டலான்னு சண்டை போடுறவங்க இந்த இடத்தைத்தான் கோட்டை விடுறாங்கன்னு நான் நினைக்கிறேன். காகிதமும் ஃபைலும் அண்ணன் தம்பி. அக்கவுன்ட் வாடகை வீடு.

வாடகை வீட்டுக் கதை வேணுமா? 2008-ல் வந்த நாலாம் பதிப்புல, ஒரு பாத்திரத்துக்கே ஏகப்பட்ட சக்திகள். கையால கணக்கு போட்டா தலை சுத்தும். அதுக்குன்னு சந்தா கட்டி வாங்குற 'கேரக்டர் பில்டர்' சாஃப்ட்வேர் வந்துச்சு. முதல்ல கம்ப்யூட்டர்ல இறக்கிக்கிற மாதிரி இருந்தது. 2010-ல் ஆன்லைன்ல மட்டும்னு மாத்துனாங்க. அது ஓடினது மைக்ரோசாஃப்டோட 'சில்வர்லைட்' மேல. சில்வர்லைட் காலாவதியாகிப் போக, 2020 ஜனவரி 1 அன்னிக்கு மொத்தத்தையும் இழுத்து மூடிட்டாங்க. 2008 புத்தகம் வெச்சிருக்கிறவன் இன்னிக்கும் ஆடலாம். புத்தகத்துக்கு விண்டோஸ் அப்டேட் தேவையில்லையே!

இப்போ ஐந்தாம் பதிப்புக்கு வருவோம். 2014-ல் வந்த அதோட மூணு முக்கியப் புத்தகங்களை பி.டி.எஃப்.பா விற்கவே இல்லை. டிஜிட்டல்ல வேணும்னா, 2017-ல் ஆரம்பிச்ச 'டி அண்ட் டி பியாண்ட்' தளத்துல காசு கட்டி, அங்கேயே லாக்-இன் பண்ணிப் படிக்கணும். அந்தத் தளத்தை ஆரம்பிச்சது வேற கம்பெனி. பிறகு இன்னொரு கம்பெனி கைக்குப் போச்சு. 2022-ல் ஹாஸ்ப்ரோ 146.3 மில்லியன் டாலர் குடுத்து வாங்குச்சு. விஸார்ட்ஸோட தாய்க் கம்பெனி அதுதான். அஞ்சே வருஷத்துல இத்தனை கை. நீங்க காசு குடுத்த புத்தகத்துக்கு யார் வீட்டு ஓனர்னு நீங்களே வருஷா வருஷம் விசாரிச்சுக்கணும்.

வசதி இல்லையான்னா, பிரமாதமான வசதி. பாத்திரத்தோட தாளைத் திறந்து ஒரு மந்திரத்தைத் தொட்டா அதோட விதி அப்படியே விரியும், கணக்கெல்லாம் தானா நடக்கும். புதுசா ஆட வர்றவங்களுக்கு இதைவிட ஈஸியான வழி இல்லை. ஆனா 2021 டிசம்பர்ல, 2016-ல் வந்த ஒரு பூதப் புத்தகத்துலேர்ந்து சில பத்திகளை நீக்கிட்டாங்க. சில இனங்களைப் பிறவியிலேயே கெட்டவங்களா காட்டுற வரிகள் வேண்டாம்னு முடிவு. அந்த முடிவுல நியாயம் இருக்கலாம், என்னைக் கேட்டா சில வரிகள் போனதே நல்லது. ஆனா டிஜிட்டல்ல வாங்கினவங்க புத்தகத்துல அந்த வரிகள் தானாவே மறைஞ்சிடுச்சு. நேத்து படிச்ச பக்கம் இன்னிக்கு வேற! பழசு எது, புதுசு எது, மாத்தினது சரியான்னு பேசறதுக்குக்கூட பழசைப் பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியணும் இல்லையா?

அடுத்தது 2024 ஆகஸ்ட். புது விதிப் புத்தகம் வரப்போற நேரம். 'தளத்துல நீங்க வெச்சிருக்கிற பாத்திரங்களோட மந்திரங்களும் மந்திரப் பொருட்களும் புது விதிக்கு மாறிடும்'னு அறிவிப்பு வந்துச்சு. மூணு வருஷமா பழைய விதியில ஓடிக்கிட்டு இருக்கிற ஆட்டத்தை நினைச்சுப் பாருங்க. பாதிக் கதையில ஒரு காலைல எழுந்தா உங்க மந்திரம் வேற மாதிரி வேலை செய்யும். ஆடுறவங்க கொதிச்சுட்டாங்க. சில நாள்லயே கம்பெனி பின்வாங்கி, பழையதும் இருக்கும்னு சொல்லிடுச்சு. நல்லது. ஆனா பேட் யார்கிட்ட இருக்குன்னு அந்த வாரம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதே வாரம் அலமாரியில இருந்த 2014 புத்தகம் எதுவுமே நடக்காத மாதிரி சும்மா இருந்துச்சு.

இதைப் படிச்சுட்டு 'அப்ப டிஜிட்டல் வேஸ்ட்'னு யாராவது சொன்னா, நான் சண்டைக்கு வருவேன். கண்பார்வை இல்லாத ஒரு நண்பர் உங்க வகுப்புல இருந்தா அவர்கிட்ட கேட்டுப் பாருங்க. அச்சுப் புத்தகம் அவருக்கு மூடின கதவு. ஒழுங்கா தயாரிச்ச ஃபைலை ஸ்க்ரீன் ரீடர் வாசிச்சுக் காட்டும், அவரும் மந்திரவாதியா வந்து உட்காரலாம். இந்த விளையாட்டுக்கு வேண்டியது காதும் கற்பனையும்தானே! அவரை வெளியில நிறுத்திட்டு நாம காகித வாசனை பத்திப் பேசிக்கிட்டு இருந்தா, அது நல்லாவா இருக்கு?

அப்புறம் நம்ம கதை. இந்த விதிகள் பெரும்பாலும் இங்கிலீஷ்ல, அதுவும் பழைய கோட்டை, கவசம், ஆயுதப் பேரெல்லாம் கலந்த இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த பையன், திரையில ஒரு வார்த்தையை அழுத்திப் பிடிச்சா அர்த்தம் வருதுன்னா, அது சின்ன உதவி இல்லை. சுமையும் இருக்கு. 2009-ல் வந்த 'பாத்ஃபைண்டர்' விதிப் புத்தகம் 576 பக்கம். அதைத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ல ஃபுட்போர்டு அடிக்க முடியாது. காசு கணக்கு இன்னும் மோசம். 2024-ல் வந்த டி அண்ட் டி ஆட்டக்காரர் புத்தகத்தோட அமெரிக்க விலை 49.99 டாலர். நம்ம பணத்துல நாலாயிரத்துக்கு மேல. மெஸ் பில் கட்டுறதா, பூதத்தோட சண்டை போடுறதான்னு யோசிக்க வேண்டிய தொகை.

பாத்ஃபைண்டர் கம்பெனி இங்கேதான் வேற மாதிரி யோசிச்சுச்சு. விஸார்ட்ஸ் எல்லா பி.டி.எஃப்.பையும் தூக்கின அதே 2009-ல், 49.99 டாலர் புத்தகத்தோட முழு பி.டி.எஃப்.பை 9.99 டாலருக்குக் குடுத்தாங்க. அதைவிட ஜோரான விஷயம், சில சின்னக் கம்பெனிகள் 2010-லேர்ந்து 'பிட்ஸ் அண்ட் மார்ட்டர்'னு ஒரு ஏற்பாட்டுல சேர்ந்திருக்காங்க. கடைக்குப் போய் அச்சுப் புத்தகம் வாங்கினா ஃபைல் இலவசம். வீட்டுல உட்கார்ந்து படிச்சு ரசிக்க ஒண்ணு, தேட ஒண்ணு. சுவீடன்லேர்ந்து வந்த 'மோர்க் போர்க்' இன்னொரு டைப். மஞ்சளும் கறுப்புமா, பக்கத்துக்குப் பக்கம் ஓவியமும் தாறுமாறான எழுத்துமா கண்ணைப் பறிக்கிற புத்தகம். சண்டை நடுவுல அதுல விதி தேடினா கண்ணு கட்டும். அது அவங்களுக்கே தெரியும் போல... படம் இல்லாத, வெறும் விதி மட்டும் இருக்கிற ஃபைலை இலவசமா குடுத்துட்டாங்க.

'எல்லாம் சரி, டெலிகிராம்ல ஓசியில கிடைக்குதே'ன்னு கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு குரல் கேட்குது. உங்களுக்கு அட்வைஸ் பண்ற வயசு எனக்கு இல்லை. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த உலகத்துல பாதி விளையாட்டு ஒருத்தர், ரெண்டு பேர் வீட்டுல உட்கார்ந்து எழுதுறது. அவங்க ஃபைலை அஞ்சு, பத்து டாலருக்கு விற்கிறாங்க. அவங்ககிட்ட திருடுறது, காலேஜ் வாசல்ல டீக்கடை வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட அக்கவுன்ட் வெச்சுட்டு ஏமாத்துற மாதிரிதான்.

ஓசியிலயே, அதுவும் நேர்மையா ஆட வழி இருக்கு. 2023 ஜனவரியில, மத்தவங்க டி அண்ட் டி விதிகளைப் பயன்படுத்த இருந்த பழைய உரிமத்தை மாத்தப் போறதா தகவல் கசிஞ்சு, பெரிய கலாட்டா ஆச்சு. அந்தக் கலாட்டாவோட முடிவுல, ஜனவரி 27 அன்னிக்கு, ஐந்தாம் பதிப்போட அடிப்படை விதித் தொகுப்பை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்துல வெளியிட்டாங்க. சுமார் 400 பக்கம். இந்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. பேர் போட்டுட்டா யார் வேணா நகல் எடுக்கலாம், அச்சடிக்கலாம், தமிழ்ல மொழிபெயர்க்கவும் செய்யலாம். 2025-ல் புது விதிகளோட தொகுப்பும் இதே உரிமத்துல வந்திருக்கு. 1974-ல் மங்கலா ஜெராக்ஸ் எடுத்தவங்க பயந்து பயந்து பண்ணினதை நீங்க தைரியமா பண்ணலாம்.

அதனால என்னோட சிபாரிசு இதுதான். முதல் தடவை ஆடுறீங்கன்னா 400 பக்கமே வேண்டாம். ஜான் ஹார்ப்பர் 2013-ல் எழுதின 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' மொத்தமே ஒரு பக்கம், இலவசம். ஒரு தாள், ஒரு சாயங்காலம், நாலு பேர். அது பிடிச்சுப்போச்சுன்னா அடிப்படை விதித் தொகுப்பை இறக்கி, போன்ல ஒரு காப்பி, மெயில்ல ஒரு காப்பி போட்டு வைங்க. தேடுறதுக்கும் பஸ்ல படிக்கிறதுக்கும் அது. அப்புறம் அஞ்சு பேரும் காசு போட்டு, ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்க.

பின்னும் முன்னுமா அடிச்சா இருநூறு தாள். ஒரே கட்டா போடாதீங்க, ஸ்பைரல் நசுங்கிடும். மூணா பிரிங்க. பாத்திரமும் பொது விதியும் ஒண்ணு, மந்திரங்கள் ஒண்ணு, பூதங்கள் ஒண்ணு. பூதக் கட்டு கதைசொல்லி கையில மட்டும் இருக்கட்டும். உரிமம் பத்தின பக்கத்தைக் கிழிச்சுடாதீங்க, அதுதான் உங்க ரசீது. பொது விதிக் கட்டோட கடைசியில பத்து வெள்ளைத் தாள் சேர்த்து பைண்டிங் போடச் சொல்லுங்க. 'ஒரு அடி குறைஞ்சா பகடை உருட்டலாம்'னு உங்க மேஜை முடிவு பண்ணினா, அதை அந்தத் தாள்ல எழுதி, தேதி போட்டு, அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்க. அடுத்த தடவை குதிக்கிறவன் எதிர்க்கட்சிக்காரனா இருந்தாலும் பகடை உருட்டலாம்.